பீரும் வேண்டும், சைவமும் வேண்டும்: இங்கிலாந்தில் வெள்ளிக்கிழமை இரவு எங்கே சாப்பிடலாம்?

லீட்ஸ், மான்செஸ்டர், பர்மிங்காம் பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியிருக்கும் தமிழர்கள் குழுவாக வெளியே சாப்பிடக் கிளம்பினால் ஒரு சிக்கல் தவறாமல் வரும். இரண்டு பேர் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார்கள். மூன்று பேருக்கு வாரக் கடைசியில் நல்ல பீர் வேண்டும். ஒருவர் எல்லாக் கறியும் சாப்பிடுவார், ஆனால் குடிக்கமாட்டார். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. சைவ ஓட்டலில் பீர் கிடைக்காது, பீர் கிடைக்கும் இடத்தில் சைவக்காரருக்கு வேர்க்கடலையும் கோபி மஞ்சூரியனும்தான். இங்கே இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வழி இருக்கிறது. அந்த வழியும் ஒன்றல்ல, நாலு.

நான் பார்த்தவரை இந்த முடிவை எப்போதும் பீர் குடிப்பவர்கள்தான் எடுக்கிறார்கள். சைவக்காரர்கள் "பரவாயில்லை, எனக்கு ஏதாவது கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, இரவெல்லாம் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இது நியாயமில்லை. குழுவில் யாருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு அதிகமோ அவருக்கு முழு மெனுவும் திறந்திருக்கும் இடமாகப் பார்த்துத்தான் போக வேண்டும். நல்ல பீர் இந்த நாட்டில் எங்கும் கிடைக்கும். சைவத்துக்கு நல்ல சமையலறை அப்படிக் கிடைப்பதில்லை. இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் நாலு வகை இடங்களையும் பார்க்கப்போகிறேன்.

தெருமுனை பப்

பலரும் யோசிக்காமல் போய் உட்காருவது இங்கேதான். பீரைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவுமில்லை. பீப்பாயிலேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, கைப்பம்பால் இழுத்து ஊற்றும் காஸ்க் ஏல் ஒரு காலத்தில் அழிந்துபோகும் நிலையில் இருந்தது. 1971-ல் தொடங்கிய காம்ரா இயக்கம் பாடுபட்டு அதைக் காப்பாற்றியது. யார்க்‌ஷயர் பப்புகளில் அதை நுரை ததும்ப ஊற்றித் தருவார்கள். குடிப்பவர்களுக்கு அது பெரிய சந்தோஷம்.

சாப்பாட்டில்தான் வம்பு. மெனுவில் பச்சை நிறத்தில் 'வி' என்று போட்டிருப்பதை நம்பி ஆர்டர் செய்கிறோம். அந்த அடையாளத்தில் முட்டையும் அடக்கம். காய்கறி பர்கரைப் பிடித்து நிறுத்துவது பல இடங்களில் முட்டைதான். வூஸ்டர் சாஸில் நெத்திலி போன்ற ஒரு சின்ன மீன் இருக்கிறது. பார்மசான் சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இல்லாமல் செய்வதில்லை. யார்க்‌ஷயரில் இன்னொரு சங்கதியும் உண்டு: இந்தப் பக்கத்து மீன் சிப்ஸ் கடைகள் பலவும் இன்றைக்கும் மாட்டுக் கொழுப்பில்தான் வறுக்கின்றன. பப்பில் தாவர எண்ணெய் ஊற்றினாலும் மீன் வறுத்த அதே எண்ணெயில்தான் சிப்ஸும் பெரும்பாலும் வேகும். ஆக, "எனக்கு வெறும் சிப்ஸ் போதும்" என்று சொல்லும் சைவக்காரருக்கு அதுவும் நிச்சயமில்லை. கேட்டால் சொல்வார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எழுந்து போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் சாப்பிட வந்த மாதிரியா இருக்கும்?

சைவம் சாப்பிட்டுக்கொண்டு பீரும் குடிப்பவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காஸ்க் ஏலில் மிதக்கும் ஈஸ்ட்டை அடியில் படியவைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் கொலாஜன் அது. அதற்கு நேர் மின்னூட்டம், ஈஸ்ட்டுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கனமாகி பீப்பாயின் அடியில் இறங்கிவிடும். பீர் பளிச்சென்று தெளிந்துவிடும். டம்ளரில் வருவது இருந்தால் மிகச் சொற்பம்தான். ஆனால் சைவம் என்பதைக் கொள்கையாக வைத்திருப்பவருக்கு அளவு முக்கியமில்லை. பாட்டில் லேபிளைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பீரையும் ஒயினையும் தெளியவைக்கும் ஐசிங்கிளாஸுக்கு ஒவ்வாமை அறிவிப்பு விதியிலிருந்தே விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

இதற்காகப் பீரையே விட வேண்டியதில்லை. கின்னஸ் நிறுவனம் 2018 வாக்கில் ஐசிங்கிளாஸை முழுவதும் கைவிட்டுவிட்டது. கடல்பாசியை வைத்துத் தெளியவைக்கும் முறையும் உண்டு. கலங்கலாகவே ஊற்றித் தரும் புதிய பாணி பேல் ஏல்களில் தெளியவைக்கும் வேலையே கிடையாது. பிரிஸ்டலில் உள்ள மூர் பீர் போன்ற ஆலைகள், காஸ்க் ஏலையும் கலங்கலாகவே விற்போம் என்று பிடிவாதமாக நின்று ஜெயித்திருக்கின்றன. சின்ன ஆலைகளின் கிராஃப்ட் பீர் விற்கும் கடைகளில், கெக் என்ற உலோகப் பீப்பாயிலிருந்து வரும் பீர்களில் பெரும்பாலானவை வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் பொருள் எதுவும் சேராதவை. பலகையிலேயே அதை எழுதியிருப்பார்கள். என் கணக்கில் கிராஃப்ட் பீருக்கும் சைவச் சமையலறைக்கும் பொருத்தம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

தேசி பப்

பர்மிங்காமுக்கு மேற்கே ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச், வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழி உண்டு. பஞ்சாபிகள் நடத்தும் பப்புகள். முன்னால் பீர், பின்னால் தந்தூர் அடுப்பும் கரி கிரில்லும்.

இந்த இடங்களின் வரலாறு தெரிந்தால் உள்ளே நுழையும்போதே ஒரு மரியாதை வரும். இங்குள்ள உலோக வார்ப்புப் பட்டறைகளில் வேலை செய்ய 1950, 60-களில் பஞ்சாபிகள் வந்து சேர்ந்தார்கள். பல பப்புகளில் அவர்களை உள்ளே விடவில்லை, விட்டாலும் தனி அறையில்தான் உட்காரவைத்தார்கள். இந்த நிறவெறியை நேரில் பார்ப்பதற்காகவே 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக்கின் மார்ஷல் தெருவுக்கு வந்தார். அதே ஆண்டு இறுதியில் அமலுக்கு வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் அப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. இந்தியத் தொழிலாளர் சங்கம் கதவு கதவாகப் போய்ப் போராடியது. பிறகு நம் ஆட்களே பப்புகளை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். வெஸ்ட் பிராம்விச்சின் ரெட் லயன், தி வைன் போன்றவை இன்று ஊர் முழுக்க, எல்லா நிறத்தவரும் வரும் இடங்கள். தாத்தாவை உள்ளே விடாத ஊரில் பேரன் பப் முதலாளி. அந்தப் பெருமைக்காகவே ஒரு தடவையாவது போக வேண்டும்.

ஆனால் என் அளவுகோலில் இது முதலிடத்துக்கு வராது. இவற்றின் பெருமை மிக்ஸ்டு கிரில், அதாவது வெங்காயத்தின் மேல் சுடச்சுடச் சீறிக்கொண்டு வரும் கோழியும் ஆட்டுக்கறியும் மீனும். சைவத்துக்குப் பன்னீர் டிக்கா, சில்லி பன்னீர், மசாலா சிப்ஸ், தால் எல்லாம் உண்டு, ருசியும் குறைவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்த மோகோ, நம் மரவள்ளிக்கிழங்கு வறுவல்தான், சில இடங்களில் கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள். பிரச்சினை என்னவென்றால், பன்னீர் வெந்த அடுப்பில்தான் கோழியும் வேகிறது. அதைப் பொருட்படுத்தாத சைவக்காரர் என்றால் தாராளமாகப் போகலாம். பொருட்படுத்துபவர் என்றால் வேண்டாம். பீரும் பெரும்பாலும் லாகர்தான். கறிச் சாப்பாட்டோடு போவதற்கென்றே கரண் பிலிமோரியா 1989-ல் ஆரம்பித்த கோப்ரா, வாயு குறைவாக இருப்பதால் வயிறு உப்பாமல் சாப்பிட வசதி. விதவிதமான பீரைத் தேடிப் போகிறவருக்கு இங்கே அதிகம் கிடைக்காது.

பாட்டிலை நாமே கொண்டுபோகும் குஜராத்திச் சாப்பாட்டுக் கடை

1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை 90 நாள் கெடு வைத்து விரட்டியபோது இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரிட்டனுக்கு வந்தார்கள். அவர்களில் குஜராத்திகள் ஏராளம். லெஸ்டரின் பெல்கிரேவ் ரோடும் லண்டன் வெம்பிளியின் ஈலிங் ரோடும் இன்று சைவச் சாப்பாட்டுக்குப் பேர்போனதற்கு அவர்களே காரணம். பெல்கிரேவ் ரோட்டில் உள்ள பாபிஸ் 1976 முதல் நடக்கிறது. சமையலறை முழுக்கச் சைவம். வெங்காயம் பூண்டு இல்லாமல் கேட்டாலும் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள், ஜைனர்களுக்குச் சமைத்துப் பழகிய கைகள்.

மது விற்க உரிமம் இல்லாத கடைகள் சில, நாமே பாட்டில் கொண்டுவந்தால் தடுப்பதில்லை. லண்டனில் யூஸ்டன் பின்புறம் டிரம்மண்ட் தெருவின் சைவக் கடைகளில் இந்தப் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. செலவு நன்றாகக் குறையும். சூப்பர் மார்க்கெட்டில் கிராஃப்ட் பீர் கேன் வாங்கும் விலைக்கும் பப்பில் ஒரு பைண்ட் விலைக்கும் உள்ள வித்தியாசம் எட்டுப் பேர் மேசையில் பெரிய தொகையாகிவிடும். ஆனால் முன்கூட்டியே போன் செய்து கேட்காமல் போகக் கூடாது. மான்செஸ்டரின் ரஷோம் பகுதி கறி மைல் கடைகளிலும் பிராட்ஃபோர்டின் பல கடைகளிலும் உரிமையாளர்கள் முஸ்லிம்கள், மதுவை உள்ளே அனுமதிக்காத இடங்கள் அங்கே நிறைய. பையில் பாட்டிலோடு போய் மேசையில் வைத்துவிட்டு அவர்களைத் தர்மசங்கடப்படுத்துவது மரியாதை கிடையாது.

இந்த வகையில் பீர் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும். குளிர்ச்சி போய்விடும், டம்ளர் சரியாக இருக்காது, சாப்பாட்டுக்குத் தோதான பீர் எது என்று சொல்ல ஆள் இருக்காது. சாப்பாடுதான் முக்கியம் என்றால் இதெல்லாம் சின்ன விஷயம்.

சைவச் சிற்றுண்டியும் கிராஃப்ட் பீரும் ஒரே கூரையில்

இந்த நாலாவது வகைதான் குழுவாகப் போகும்போது என் முதல் பரிந்துரை. இதற்கு நல்ல உதாரணம் பண்டோபஸ்ட். 2014-ல் லீட்ஸின் மில் ஹில் தெருவில் ஆரம்பித்தது. தொடங்கிய இருவரில் ஒருவரான மயூர் பட்டேலின் குடும்பம் பிராட்ஃபோர்டில் பிரஷாத் என்ற குஜராத்திச் சைவ உணவகத்தை நடத்தியது. அந்தக் கடையே 1992-ல் ஒரு லாண்டரெட்டில், அதாவது காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில், தொடங்கி, தின்பண்டக் கடையாகி, பிறகு உணவகமானது. இன்னொருவர் மார்கோ ஹுசாக், பிராட்ஃபோர்டில் ஸ்பாரோ என்ற பீர் கடை நடத்தியவர். சைவச் சமையல் தெரிந்த வீட்டுப் பிள்ளையும் பீர் தெரிந்தவரும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் கிளை போனது. 2021-ல் மான்செஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் உணவகத்துக்குள்ளேயே சொந்த பீர் ஆலையும் வந்துவிட்டது.

இங்கே சைவக்காரர் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை, மெனு முழுக்க அவருடையது. வெண்டைக்காயைக் கடலை மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்து, மேலே கறுப்பு உப்பும் மாங்காய்த் தூளும் தூவித் தருகிறார்கள். வடா பாவ், பேல்பூரி, சாட் வகைகள் எல்லாம் சின்னச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் வரும். நீள மேசையில் எல்லோரும் கலந்து உட்கார்ந்து, கவுன்டரில் சொல்லிவிட்டு, வந்ததை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட வேண்டியதுதான். கறி சாப்பிடும் நண்பர் முதலில் முனகுவார், பிறகு வெண்டைக்காய்க்கு இரண்டாவது தடவை ஆர்டர் செய்யப்போவதும் அவராகத்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கும் பீருக்கும் உள்ள பொருத்தத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம்மவர்கள் காரசாரச் சாப்பாட்டோடு கண்ணில் பட்ட ஐபிஏவை, அதாவது கசப்பு தூக்கலான பேல் ஏலை, வாங்கி, வாய் எரிகிறது என்று குறைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். குமிழியும் கொஞ்சம் ஏற்றும். மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், இனிப்பு அதை அடக்கும். அதனால் சில்லி பன்னீர், மிளகாய் பஜ்ஜி மாதிரி காரமானவற்றுக்கு ஏழு சதவீத ஐபிஏ வேண்டாம். நாலு, நாலரை சதவீதத்தில் மென்மையான பேல் ஏல் அல்லது கோதுமை பீர் சரியாக இருக்கும். பெல்ஜிய பாணி விட் பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது மரபு. பேல்பூரியோடு அதைக் குடித்துப் பார்த்தால் ஒரே சமையலறையில் இரண்டும் பிறந்த மாதிரி இருக்கும். லீட்ஸின் நார்தர்ன் மங்க் ஆலை இந்த எண்ணத்தில்தான் கொத்தமல்லியும் ஏலக்காயும் சேர்த்து பாம்பே டாஸ்லர் என்ற பீரைப் பண்டோபஸ்டுக்காகவே செய்தது. எண்ணெயில் பொரித்ததற்குச் சுத்தமான, கசப்பு மிதமான பில்ஸ்னர். புளியும் வெல்லமும் சேர்ந்த சட்னிக்கு, ஜெர்மனியின் கோஸ்லார் ஊரில் பிறந்த கோஸ என்ற உப்பும் புளிப்புமான பீர். கடைசியில் இனிப்போடு மில்க் ஸ்டவுட். அதில் பால் சர்க்கரை இருப்பதால் வீகன் நண்பர் மட்டும் தவிர்க்க வேண்டும்.

இன்னொரு வசதி, இங்கே முழு பைண்ட் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. அரை பைண்டும், 2011 முதல் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு அளவும் கிடைக்கும். 568 மில்லி கொண்ட முழு பைண்டில் ஏழு சதவீத பீர் குடித்தால் கிட்டத்தட்ட நாலு யூனிட் ஆல்கஹால். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது இந்நாட்டு மருத்துவ அறிவுரை. சின்ன டம்ளரில் மூன்று வகை ருசி பார்ப்பது உடம்புக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது.

குறைகளும் இருக்கின்றன. இந்த வகை இடங்கள் வெள்ளி இரவு இரைச்சலாக இருக்கும், நிதானமாகப் பேச முடியாது. கிண்ணங்கள் சின்னவை, வயிறு நிறைய ஆளுக்கு இரண்டு மூன்று வாங்க வேண்டும், கிராஃப்ட் பீரும் மலிவில்லை. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று முழுச் சாப்பாட்டு நினைப்பில் போனால் ஏமாற்றம்தான். அந்த ஏக்கத்துக்கு லண்டனில் தமிழர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் பக்கம் போவதே வழி, அங்கே பீர் தேடவும் தோன்றாது.

யாரோடு போகிறீர்கள்?

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் கணக்கே மாறிவிடும். பெரியவர்கள் எதிரில் குடிப்பதில்லை என்ற வழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் உண்டு. அது நல்ல வழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். பப் என்றாலே அவர்கள் சங்கடப்படுவார்கள், இரைச்சலும் முதுகுசாய்வு இல்லாத பெஞ்சும் அவர்களுக்கு ஒத்துவராது. அவர்களைக் குஜராத்திச் சைவ உணவகத்துக்கு அழைத்துப்போங்கள், பாட்டில் எதுவும் வேண்டாம். பெல்கிரேவ் ரோட்டில் சாப்பிட்டுவிட்டுப் புடவைக் கடைகளைச் சுற்றிவந்தால் அம்மாவுக்கு நாள் நிறைந்துவிடும்.

சின்னக் குழந்தைகளோடு போவதானால் நாலாவது வகையை மாலை ஐந்தரைக்குள் முடித்துக்கொள்ளலாம். உரிமம் உள்ள இடங்களில் குழந்தைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், போகுமுன் கேட்டுவிடுங்கள். காரம் குறைத்து என்ன தருவார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அலுவலக நண்பர்களோடு, அதில் ஒருவர் மட்டும் சைவம் என்றால்? அப்போதும் சைவக் கடைதான் என்பேன். ஏழு பேர் ஒரு வேளை கறி இல்லாமல் இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. மேசையில் இருக்கும் எல்லாக் கிண்ணங்களிலும் அந்த ஒருவரும் கைவைக்க முடிவதன் சந்தோஷம் அவருக்குத்தான் தெரியும். அவரே "எனக்கு அடுப்பு எதுவானாலும் சரி" என்று மனதாரச் சொன்னால், பர்மிங்காம் பக்கமாக இருந்தால், தேசி பப்புக்குப் போங்கள். தெருமுனை பப்பைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வயிறு நிறைந்தபின் ஒரு அரை பைண்ட் காஸ்க் பிட்டர், அரை மணி நேரம் பேச்சு, அது அருமையான இடம்.

பசையம் ஒத்துக்கொள்ளாதவர் குழுவில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பீரில் பார்லி, பாவ் ரொட்டியில் கோதுமை என்பது தெரிந்ததுதான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அது தாலிலும் சட்னியிலும் கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிடும்.

அப்புறம், காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மில் ஹில் தெருக் கடை லீட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், மான்செஸ்டரின் ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடைக்கும் பக்கத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டு ரோடு நிலையம் இருக்கிறது. எட்டுப் பேர் என்றால் வெள்ளிக்கிழமைக்குப் புதன்கிழமையே மேசை சொல்லிவைத்து, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் குழுவில் போட்டுவிடுங்கள்.